நாவைக் கேட்டு ஊட்டுக

திருவானைக்காவலில் உச்சிப்பொழுதை அறியக் கடிகாரம் வேண்டியதில்லை. அருச்சகர் புடவை உடுத்தி, முடி சூடி, அகிலாண்டேசுவரியின் கோலத்தில் சம்புகேசுவரரை வழிபடப் புறப்படும் வேளையில் எழும் மேளமும் மணியோசையும் கோயிலின் திருநீற்று மதிலைக் கடந்து தெருவுக்கு வரும். எங்கள் வீட்டில் அந்த ஓசைக்குத்தான் இலை போடுவார்கள். அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு, அறுவை முடிந்து, ‘கீமோ’ என்று எல்லாரும் சொல்லும் வேதிமருத்துவம் தொடங்கிய ஆண்டில், அதே ஓசை கேட்டால் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

எவர்சில்வர் தட்டில் குழைய வடித்த சோறு, பருப்பு, ஒரு கரண்டி நெய். முதல் கவளம் இறங்கும். இரண்டாவது கன்னத்தில் ஒதுங்கும். மூன்றாவதற்குக் கை எழாது. “இறங்க மாட்டேங்குதுடா கண்ணு” என்பார். “நீ மனசு வச்சாத்தாம்மா தெம்பு வரும்” என்பேன் நான். சொல்லிய சொற்களில் ஒன்றைத் திரும்பப் பெறலாம் என்றால், அந்தச் சொல்லைத்தான் பெற்றுக்கொள்வேன். அம்மாவின் மனம் எங்கும் போய்விடவில்லை. பசி போயிருந்தது. பசி மனத்தின் ஏவலுக்கு உட்பட்டதன்று. குருதியில் ஓடும் சில பொருள்களுக்கும் மூளையின் சில நரம்பணுக்களுக்கும் இடையே நடக்கும் உரையாடல் அது. அந்த உரையாடலை நோயும் மருந்தும் சேர்ந்து எவ்வாறு குலைக்கின்றன என்பதை அறிந்த வீட்டில் உணவுத்தட்டு போர்க்களமாக மாறாது என்பது என் நம்பிக்கை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நலமுள்ள உடலில் வயிறு வெறுமையானதும் கிரெலின் என்னும் இயக்குநீர் சுரந்து மூளைக்குச் சேதி சொல்லும், பசி எடுக்கும். புற்றுநோய் உள்ள உடலில் இச்சேதியை அமுக்கும் குரல்கள் பல எழுகின்றன. கட்டியும், அதனோடு பொருதும் தடுப்பாற்றல் அணுக்களும் அழற்சிப் புரதங்களைக் குருதியில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு முன்னாளில் அறிஞர் இட்ட பெயரே ‘உடலை உருக்கும் பொருள்’ என்னும் கருத்துடையது. அவை பசியை அடக்குவதோடு நில்லாமல் தசையையும் கரைக்கின்றன. வெறும் பட்டினியில் உடல் கொழுப்பைச் செலவிட்டுத் தசையைக் கூடுமானவரை காக்கும். புற்றுநோய் மெலிவில் அந்தச் சிக்கனம் இல்லை. இதனால்தான் உணவை மட்டும் கூட்டினால் இம்மெலிவு முற்றிலும் திரும்புவதில்லை.

இக்குரல்களுள் அண்மையில் மிகத் தெளிவாக இனங்காணப்பட்டது ஜிடிஎஃப்-15 என்னும் புரதம். உயிரணுக்கள் நெருக்கடிக்கு உள்ளாகும்போது வெளியிடும் அபயக்குரல் இது. இக்குரலைக் கேட்கும் செவி எங்கே இருக்கிறது என்பதை 2017இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டறிந்தன. மூளைத்தண்டின் கீழ்ப்புறத்தில், குருதியில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று காவல் காக்கும் சிற்றிடம் ஒன்று உண்டு. குமட்டலும் வாந்தியும் கிளம்புவது அங்கிருந்துதான். ஜிடிஎஃப்-15க்குரிய ஏற்பி அங்கே அமைந்திருக்கிறது. கட்டிகள் பல இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளும் உடலில் இதனை உயர்த்துகின்றன. அம்மாவுக்கு ஏறிய ஆக்சாலிபிளாட்டின் அவ்வகையைச் சேர்ந்தது. கட்டியை அறுத்தெடுத்த பின்னும் பசி திரும்பாமல் போனதற்கு ஒரு காரணம் எனக்கு அங்கே கிடைத்தது.

இதே புரதம் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அறிந்த வேறொரு நிலையிலும் தோன்றுகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில், பெரும்பாலும் கருவின் பக்கமிருந்து வரும் ஜிடிஎஃப்-15தான் மசக்கையின் குமட்டலுக்கும், அதன் கடுமையான வடிவத்துக்கும் முதன்மையான காரணம் என்று 2023இல் வெளியான ஆய்வு நிறுவியது. மசக்கைக்காரி முன் நம் வீடுகள் எப்படி நடந்துகொள்கின்றன? தாளிக்கும் வாசனை பிடிக்கவில்லை என்றால் அடுப்பங்கரைக் கதவைச் சாத்துகிறோம். நள்ளிரவில் மாங்காய் கேட்டால் தேடி வாங்கி வருகிறோம். நேற்று கேட்டதை இன்று வெறுத்தால் கோபிப்பதில்லை. மனவலிமை இல்லை என்று யாரும் அவளைக் குறை சொல்வதில்லை. அவள் நாக்கு சொல்வதே அன்றைய சமையல். அதே மூளையிடத்தில், அதே புரதம் தட்டியதால் உணவை ஒதுக்கும் புற்றுநோயாளிக்கு மட்டும் அறிவுரை சொல்கிறோம்.

திருச்சி மலைக்கோட்டையில் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரியில் வெள்ளம் பெருகிப் பிள்ளைத்தாய்ச்சியான இரத்தினாவதியிடம் அவள் தாய் வந்துசேர இயலாதபோது, இறைவனே அத்தாயின் உருவில் வந்து பேறு பார்த்ததாக ஊர்க்கதை. நற்பேறு வேண்டி வாழைத்தார் படைக்கும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. ஒரு மகன் தன் தாய்க்குச் சமைத்து ஊட்ட நேர்ந்த அந்த மாதங்களில் இந்தக் கதை எனக்குப் புதிதாக விளங்கியது. ஊட்டுபவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தாயின் உரு.

கருத்து ஒருபுறம் இருக்கட்டும், எடைக்கு வருவோம். ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தானாகக் குறைந்தால் அது புற்றுநோய் மெலிவின் அடையாளம் என்பது 2011இல் பன்னாட்டு வல்லுநர் வகுத்த வரையறை. அம்மா 50 கிலோ இருந்தார். 2.5 கிலோ குறைந்த அன்றே நாங்கள் விழித்திருக்க வேண்டும். 44 கிலோவுக்கு இறங்கிய பிறகுதான் எடைப்பொறி வாங்கினோம். உடல் மெலிந்தவருக்கு மருந்தின் நச்சு மிகுதியாக உறைக்கும். அளவைக் குறைக்கவோ, சுற்றைத் தள்ளிப்போடவோ நேரும். ஆகவே வாரம் ஒருநாள், ஒரே வேளையில், எடையைக் குறித்துவைப்பது குருதி ஆய்வுக்கு ஒப்பான செயல். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை நாமே நீட்டலாம்.

எவ்வளவு உண்ண வேண்டும்? ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1 கிராமுக்குக் குறையாமல், இயன்றால் 1.5 கிராம் வரை என்பது ஐரோப்பிய ஊட்டவியல் வல்லுநர் தரும் அளவு. 50 கிலோ பெண்மணிக்கு 1,250 முதல் 1,500 கலோரி; புரதம் 50 முதல் 75 கிராம். இனி நம் வீடுகளில் நோயாளிக்கென்று ஆகிவந்த கஞ்சியைப் பாருங்கள். வடிகட்டிய அரிசிக் கஞ்சி ஒரு குவளையில் புரதம் ஒன்றிரண்டு கிராம் தேறினால் பெரிது. நான்கு வேளையும் கஞ்சி என்றால் உடல் தன் தசையையே தின்னும். கஞ்சியைக் குறை சொல்வதற்கில்லை. வறண்ட வாயில் இறங்கக்கூடியது அதுதான். அதை வெறுங்கஞ்சியாக விடாமல் இருப்பதில்தான் சமைப்பவரின் திறம் இருக்கிறது. பாலில் காய்ச்சலாம். வேகவைத்த பாசிப்பருப்பை மசித்துக் கரைக்கலாம். வறுத்துப் பொடித்த நிலக்கடலை இரண்டு கரண்டி சேர்த்தால் நான்கைந்து கிராம் புரதம் கூடும். ஒரு முட்டையில் 6 கிராம். நன்றாக வேகவைத்து மசித்துச் சேர்த்தால் உண்பவருக்குத் தெரியாது. ஒரு தேக்கரண்டி நெய்யில் 40 கலோரிக்கு மேல். உண்ணும் அளவைக் கூட்ட முடியாத உடலுக்கு, அதே அளவுக்குள் செறிவைக் கூட்டுவதே வழி.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு சொல். காவிரிக்கரையில் அதற்குப் பஞ்சமில்லை; வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993இல் நிறுவப்பட்டதும் திருச்சியில்தான். வாய்ப்புண்ணை உறுத்தாத, மென்மையான, உடனே ஆற்றல் தரும் பழம் அது. ஆனால் ஒரு பழத்தில் புரதம் ஒரு கிராம்தான். பழம் சாப்பிட்டார் என்று மனநிறைவு கொண்டு அடுத்த வேளையை விட்டுவிடக் கூடாது. பாலும் கடலைப்பொடியும் சேர்த்து மசித்துக் கொடுத்தால் அதுவே ஒருவேளை உணவாகும்.

பசி வரட்டும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். இரண்டு மணிக்கொரு முறை, கையகலக் கிண்ணத்தில், சிறிதளவு. நிறைந்த தட்டைக் கண்டாலே வயிறு மூடிக்கொள்ளும். காலையில் பலருக்குப் பசி சற்றே தலைகாட்டும். நாளின் பெரிய உணவை அந்நேரத்துக்கு மாற்றலாம். உணவோடு நிறையத் தண்ணீர் குடித்தால் அதிலேயே வயிறு நிறையும். இடைவேளைகளில் குடிப்பது நல்லது. எங்கள் வீட்டில் உச்சிக்கால ஓசையை உணவுக்குரிய அழைப்பாக வைத்துக்கொள்வதை நிறுத்தினோம். அம்மா விழித்திருந்த எந்த நேரமும் உணவு நேரமாயிற்று.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றிய முதல் நாள், அம்மாவுக்கு உயிரான வெண்பொங்கலை மிளகும் நெய்யும் மணக்கச் செய்து கொண்டுபோனேன். மகிழ்ந்து உண்டார். இரவெல்லாம் வாந்தி. அதன் பிறகு இன்றுவரை வெண்பொங்கலின் மணம் அவருக்கு ஆகாது. இதற்கு அறிவியலில் விளக்கம் உண்டு. ஓர் உணவை உண்டபின் குமட்டல் நேர்ந்தால், குமட்டலுக்குக் காரணம் வேறாக இருந்தாலும் மூளை அந்த உணவையே குற்றவாளியாக்கி நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும். நஞ்சிலிருந்து காத்துக்கொள்ள உயிர்கள் பெற்ற பழைய அறிவு அது. அமெரிக்க உளவியலறிஞர் ஐலீன் பெர்ன்ஸ்டைன் 1978இல் வெளியிட்ட ஆய்வில், வேதிமருத்துவத்துக்குச் சற்றுமுன் புதுச்சுவையுள்ள பனிக்கூழ் உண்ட குழந்தைகள் பின்னர் அந்தச் சுவையையே வெறுத்தனர். பின்னாளில் அவரும் துணைவரும் இன்னொரு வழியைக் காட்டினர்: உணவுக்கும் மருந்துக்கும் இடையே, கடுஞ்சுவையுள்ள ஏதோ ஒரு மிட்டாயைக் கொடுத்தால் வெறுப்பின் பழி அதன்மேல் விழுந்து, அன்றாட உணவு தப்புகிறது. மருந்து நாளில் நோயாளிக்கு விருப்பமான உணவைச் சமைக்காதீர்கள். அன்புமிகுதியால் நாம் செய்யும் அச்செயல் அவரது வாழ்நாள் விருப்பம் ஒன்றைப் பறித்துவிடும்.

சுவை மாறுவது தனிக்கதை. நாவின் சுவையணுக்கள் ஏறத்தாழப் பத்து நாளுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. குடலின் உட்படலம் அதனினும் விரைவாக. வேதிமருந்து விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவதால், புற்றணுவோடு இவையும் அழிகின்றன. உப்பு தெரியாது, இனிப்பு கசக்கும், வாயில் இரும்பை நக்கினாற்போல் ஒரு சுவை நிற்கும். அம்மாவுக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியுமே ஆகவில்லை. வாழையிலையில் பரிமாறிக் கையால் உண்ணச் செய்ததும் ஒரு கவளம் கூடியது. வாய்ப்புண் இல்லாத நாள்களில் ஒரு துண்டு நார்த்தங்காய் நாவை எழுப்பியது. புண் வந்தபோது அதே நார்த்தங்காய் நெருப்பாயிற்று. புளியும் மிளகாயும் விலகின.

பொதுவான அறிவுரைப் பட்டியல்கள் இங்கேதான் இடறுகின்றன. ஃபுளுரோயூராசில் மருந்தை விரைவாகச் செலுத்தும்போது வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறைகிறது. குளிரில் வாயின் குருதிக்குழாய்கள் சுருங்கி மருந்து அங்கே குறைவாகச் சேர்வதே காரணம். ஆக்சாலிபிளாட்டின் பெறுபவருக்கோ குளிர்ச்சி ஆகாது. குளிர்நீர் ஒரு மிடறு பட்டாலே தொண்டை இறுகி மூச்சு நிற்பதுபோல் அஞ்சுவர். அம்மாவுக்குப் பானைத் தண்ணீர்கூட வெதுவெதுப்பாக்கித்தான் தர வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு நோயாளிக்கு அமுதமானது நம் வீட்டு நோயாளிக்குத் துன்பமாகலாம். தொண்டையிலும் வாயிலும் கதிர்மருத்துவம் பெற்றவருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் வறண்டு, குழம்பும் மோரும் இல்லாமல் எதுவும் இறங்காது. அவருக்கு மூக்குவழியாகவோ வயிற்றுவழியாகவோ குழாய் வைப்பது தோல்வியன்று. இரைப்பையை முழுதும் அகற்றியவருக்கு வாழ்நாள் முழுதும் பி12 உயிர்ச்சத்தை வேறுவழியில் தந்தாக வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டினால் குருதியில் உப்புகள் சரிந்து உயிருக்கே ஊறு நேரும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

பத்தியம் என்னும் சொல் நம்மிடையே பெருமதிப்புடையது. நோய் வந்தால் உணவைக் குறைப்பதே பத்தியம் என்று ஆகிவிட்டது. திருவரங்கத்தில் வழங்கும் கதையொன்று எனக்கு வேறு பொருள் தருகிறது. அரங்கனின் திருமுகம் வாடியிருப்பதைக் கண்ட இராமானுசர், என்ன படைத்தீர்கள் என்று கேட்டாராம். தயிர்சோற்றோடு நாவற்பழம் என்றார்களாம். அது ஒவ்வாது என்று கண்டு, மருந்துக் குடிநீரும் பாலும் படைக்க ஏற்பாடு செய்தார் என்பர். திருவரங்கக் கோயிலில் மருத்துவக் கடவுள் தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உண்டு. அங்கிருந்த மருத்துவச்சாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கதையின் உண்மையை ஆராய்வது என் வேலையன்று. இராமானுசர் முகத்தைப் பார்த்தார், என்ன படைத்தீர் என்று கேட்டார், உணவை மாற்றினார். நிறுத்தச் சொல்லவில்லை. 11ஆம் நூற்றாண்டில் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்தில் நடந்த, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையின் கல்வெட்டிலும், மருந்துகளோடு நோயாளிகளுக்கு அளக்கவேண்டிய அரிசியும் குறிக்கப்பட்டிருக்கிறது. சோறு அங்கே மருத்துவத்தின் உறுப்பு.

இன்றைய பத்தியங்களுள் கொடியது, இனிப்பை முற்றும் விலக்கினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்பது. புற்றணுக்கள் குளுக்கோசை மிகுதியாக உறிஞ்சி நொதிக்கின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டது மெய். அதிலிருந்து இந்த முடிவு பிறக்காது. உணவில் மாவும் இனிப்பும் நின்றால் கல்லீரல் தசைப்புரதத்தை உடைத்தேனும் குளுக்கோசை ஆக்கிக் குருதியில் அதன் அளவைக் காக்கும். பட்டினி கிடப்பது கட்டியன்று, நோயாளி. நீரிழிவு உள்ளவர் அளவறிந்து உண்ண வேண்டும் என்பது வேறு செய்தி. அப்படியே, முள்சீத்தா இலைச்சாறு வேதிமருந்தை வெல்லும் என்று கைப்பேசியில் வரும் செய்திகளுக்கு மனிதரிடம் நிறுவப்பட்ட சான்று இல்லை. வெள்ளணுக்கள் குறைந்த நாள்களில் பழைய சோறு, வெட்டிவைத்த பழம், கடைச் சட்டினி ஆகியவற்றைத் தள்ளிவைப்பது அறிவுடைமை. பச்சைக் காய்கனி அனைத்தையும் விலக்குவதால் தொற்று குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கழுவிய கையும், கழுவிய பழமும், சூடாக ஆக்கிய உணவும் காக்கும்.

மருந்தாலும் பசியை ஓரளவு மீட்கலாம் என்பதற்கு மிகச் சிறந்த சான்று நமக்கு அருகிலேயே, புதுச்சேரி ஜிப்மரில் கிடைத்தது. ஓலன்சபின் என்பது மனநோய்க்குத் தரப்படும் மருந்து, குமட்டலையும் அடக்கும். இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய் கொண்ட 124 பேரை இருபிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 2.5 மில்லிகிராம் ஓலன்சபினும், மற்றதற்கு மருந்தில்லா மாத்திரையும் 12 வாரம் தந்தனர். 2023இல் முடிவு வெளியாயிற்று. எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடியவர் மருந்து பெற்றவருள் 60 விழுக்காடு, மற்றவருள் 9 விழுக்காடு. பசி மேம்பட்டவர் 43 விழுக்காட்டுக்கு 13 விழுக்காடு. அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டலை இதன் அடிப்படையில் திருத்தியது. உலகின் மருத்துவர்கள் எழுதும் சீட்டை, நம் பகுதியின் அரசு மருத்துவமனை வரிசையில் நின்ற ஏழை நோயாளிகள் மாற்றியிருக்கிறார்கள். சீட்டில் அம்மருந்தின் பெயரைக் கண்டு, நம்மவருக்கு மனநோய் என்று நினைக்கிறார்களோ என அஞ்ச வேண்டாம். இந்த அளவு பசிக்காக. சற்றே தூக்கம் வரும் என்பதால் இரவில் தருவர். ஜிடிஎஃப்-15ஐ நேரே மறிக்கும் எதிர்ப்புரதம் ஒன்றும் 2024இல் 187 பேரிடம் ஆய்ந்து வெளியிடப்பட்டது. மிகுந்த அளவு பெற்றவர் 12 வாரத்தில், மருந்தில்லா ஊசி பெற்றவரைவிட ஏறத்தாழ 2.8 கிலோ கூடுதலாக எடை பெற்றனர். அது வீதிக்கடைக்கு வரும் நாளை எதிர்நோக்குகிறேன்.

சிகிச்சை முடிந்தபின் சிலருக்குக் கதை தலைகீழாகும். மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பெண்கள் பலர் எடை கூடுகிறார்கள், வாந்தியடக்கத் தரும் ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், மாதவிடாய் முன்னதாக நிற்கும், உடல் ஓய்ந்திருக்கும். தேற்ற வேண்டும் என்று உறவினர் கொண்டுவரும் இனிப்புகளை அப்போது குறைக்க வேண்டும். மெலிந்தவரோ பெருத்தவரோ, உண்ட புரதம் தசையாக வேண்டுமென்றால் தசைக்கு வேலை வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சுற்றும் முடிந்தபோது அம்மாவின் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன. சோற்றைப் பிசைந்தால் சூடா குளிரா என்று தெரியவில்லை. பிசைந்து உருட்டிக் கையில் வைத்தோம். மாலையில் கோயிலின் வெளித்திருச்சுற்றில் நடக்கத் தொடங்கினார். முதல் வாரம் ஒரு பக்கத்தோடு திண்ணை தேடினார். பிறகு இரண்டு பக்கம். மூன்றாம் மாதம் முழுச் சுற்று. எடை 46 ஆயிற்று, மழைக்காலத்தில் 47.

அடுத்த ஆனி மாதம் கோபுர வாயிலில் கூடைக்காரப் பெண்கள் நாவற்பழத்தைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தலத்து மரம் வெண்ணாவல். கூடையில் இருந்தது கருநாவல். வாய்ப்புண் இருந்த மாதங்களில் உப்பும் துவர்ப்பும் கூடாது என்று விலக்கியிருந்தோம். நான் பார்க்காததுபோல் கடந்தேன். அம்மா நின்றுவிட்டார்.

“கொஞ்சம் வாங்கேன்டா. உப்பு போட்டு.”

ஓராண்டுக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் உணவு அது. வீட்டுக்கு வந்து கொதித்தாறிய நீரில் கழுவித் தரும்வரை பொறுமையில்லாமல் இருந்தார். எட்டுப் பழம் தின்று, கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார். நீலமாயிருந்தது.